நாற்பத்தெட்டுக்கான காரணங்கள்

நான் மோசமாகப் படிப்பிக்கிறவள் என்று நிரூபித்து ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். இதுவரை நான் எழுதியவற்றில் அதுதான் கொஞ்சம் ஒழுங்கான எழுத்து. தன் குறைகளை இவ்வளவு தெளிவாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை என்று என் விரிவுரையாளரே சொன்னார். அதையும் கேட்டுக்கொண்டு, ஹட்டனில் பஸ் ஏறி, அம்மாவின் காலுக்குத் தைலம் தீர்ந்துவிட்டதே என்று யோசித்தபடி வீட்டுக்கு வந்தேன். வழியில் அழுகை வருமோ என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். வரவில்லை.

அப்போது நான் வட்டவளைப் பக்கத்திலுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் ஆசிரிய உதவியாளராக இருந்தேன். உதவியாளர் என்பது பெயருக்குத்தான். ஒரு வகுப்பு முழுவதும் என் தலையில் இருந்தது. சனி, ஞாயிறுகளில் ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் நடந்த கல்வி டிப்ளோமா வகுப்புக்குப் போய்வந்தேன். ஓய்வே இல்லாமல் வருடக்கணக்கில் இப்படி ஓடினால் ஒரு ஆளுக்கு என்ன ஆகும் என்று யாராவது கேட்டால், ஒன்றும் ஆகாது என்றுதான் சொல்வேன். சந்தோஷமும் வராது, சலிப்பும் வராது. பஸ் வந்தால் ஏறுவேன், இடம் வந்தால் இறங்குவேன். வகுப்பில் யாராவது பகிடி விட்டால் மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு நானும் சிரிப்பேன்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். டிப்ளோமாவில் திறமைச் சித்தி, அதாவது உயர்ந்த தேர்ச்சி, பெற்றவர்கள் தங்களுக்கு வேண்டிய பாடசாலையைக் கேட்டு நிரந்தர நியமனம் வாங்கலாம். சாதாரண சித்தி என்றால் எங்கே வெற்றிடம் இருக்கிறதோ அங்கே போகவேண்டியதுதான். எங்கள் தோட்டப் பாடசாலையில் ஒரு ஆசிரியர் ஓய்வுபெற்று ஓர் இடம் காலியாகக் கிடந்தது. அந்த இடம் எனக்கு வேண்டும். காரணம் அம்மா. மழைநாளில் கொழுந்து மலையில் வழுக்கி விழுந்ததிலிருந்து அம்மாவால் சுவரைப் பிடிக்காமல் நாலடி வைக்க முடியாது. அப்பா இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. காலையில் நான் அடுப்பை மூட்டி, தண்ணீர் பிடித்து வைத்து, அம்மாவைக் கழிவறைக்குக் கூட்டிப் போய்வந்த பிறகுதான் பாடசாலைக்குப் போவேன். பாடசாலை எங்கள் வீட்டு வரிசையான லயத்துக்குப் பக்கத்திலேயே இருந்ததால் மணியடித்து இடைவேளை விட்டதும் ஓடிவந்து ஒரு தடவை பார்த்துவிட்டும் போவேன்.

திறமைச் சித்திக்கு எழுத்துப் பரீட்சை எனக்குப் பிரச்சினையில்லை. மிச்சம் இருந்தது கற்பித்தல் பயிற்சி. அதில் அறுபத்தைந்து எடுத்தாகவேண்டும். விரிவுரையாளர் எங்கள் பாடசாலைகளுக்கு நேரில் வந்து, கடைசி வாங்கில் உட்கார்ந்து, நாங்கள் பாடம் நடத்துவதைப் பார்த்துப் புள்ளி போடுவார். அவர் ஹட்டன் கடைத்தெருவில் மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்துவரும் குடும்பத்துப் பெண். எங்களைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். கெட்டிக்காரி, நல்ல மனசுக்காரி, கொஞ்சம் அவசரக்காரி. அந்த வருடம் கொழும்பில் ஏதோ கருத்தரங்குக்குப் போய்வந்த சூட்டில் ஒரு புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். கற்பித்தல் பயிற்சியில் பாதிப் புள்ளியை அவர் போடுவார், மற்றப் பாதியை நாங்களே எங்களுக்குப் போட்டுக்கொள்ளவேண்டும், போட்ட புள்ளிக்குக் காரணங்களை ஒரு பக்கத்தில் எழுதவேண்டும். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வருவதுதான் இறுதிப் புள்ளி.

"உங்கள மத்தவங்க வந்து அளக்கட்டும்னு காத்துக்கிட்டு இருந்தது போதும். இனி நீங்களே அளங்க," என்றார்.

சொன்னவருக்குக் கண்ணெல்லாம் பளபளத்தது. டவுன் பிள்ளைகள் கொஞ்சம் பேர் முகம் மலர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் ஐந்து பேர், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வகுப்பு கலையும் நேரத்தில், பைக்குள் குடையைத் திணித்துக்கொண்டே அவர் இன்னொன்றும் சொன்னார். எல்லாரும் எண்பது, தொண்ணூறு என்று அள்ளிப் போட்டால் மேலிடத்தில் சிரிப்பார்கள், வகுப்பின் சராசரி அறுபதுக்குள்ளே நிற்கிற மாதிரிப் பார்த்துப் போடுங்கள் என்றார். இரண்டு புள்ளிக்கும் அதிக வித்தியாசம் இருந்தால் கூப்பிட்டுப் பேசுவேன் என்றும் சொன்னார். இந்தக் கடைசி வசனம் எங்கள் யார் காதிலும் விழவில்லை. அதற்கு முந்தியதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம்.

ஏன் என்று சொன்னால்தான் விளங்கும். கொழுந்து பறிக்கிறவர்களுக்கு ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று கணக்கு உண்டு. அந்தக் கணக்கு வந்தால் முழுப் பேர், அதாவது அன்றைக்கு முழுநாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர். சாயங்காலம் தராசடியில் வரிசை நிற்கும்போது, யாருக்காவது கொழுந்து குறைவு என்று தெரிந்தால், முன்னால் நிற்கிறவள் தன் சாக்கிலிருந்து இரண்டு கை அள்ளி அவளுடைய சாக்கில் போடுவாள். அவளுக்குப் பின்னால் நிற்கிறவளும் போடுவாள். யாரும் கேட்பதில்லை, யாரும் நன்றி சொல்வதுமில்லை. நிறுக்கிறவர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார். கூடுதலாகப் பறித்தவளும் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டாள். சொன்னால் அடுத்த மாதம் எல்லோருக்கும் கணக்கைக் கூட்டிவிடுவார்கள் என்ற பயம் ஒன்று, கண் படும் என்ற பயம் ஒன்று. பிள்ளைகளாக இருந்தபோதே தராசடியில் நின்று இதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். சராசரி அறுபது என்று ஒருவர் சொன்னால் எங்கள் காதில் அது எப்படி விழும்? மொத்தமாக இவ்வளவுதான் கொழுந்து, உங்களுக்குள் பார்த்துப் பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் விழுந்தது.

பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் ஐந்து பேரும் உட்கார்ந்தோம். ஆளுக்கொரு பிளேன்டீ, நடுவில் ஒரு தட்டு வடை. எங்களில் ஒருத்தி என்னுடைய தோட்டத்துக்காரிதான். என் வீடு மேல்கணக்கு, அவள் வீடு கீழ்க்கணக்கு. கணக்கு என்றால் தோட்டத்தின் பிரிவு. வகுப்பில் அவளைக் கீழ்க்கணக்குக்காரி என்றுதான் கேலியாகக் கூப்பிடுவோம், அவளும் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்ப்பாள். அவள் பக்கத்துத் தோட்டத்துப் பாடசாலையில் பயிற்சி செய்தாள். பிள்ளைகள் முன்னால் நின்றதும் அவளுக்குக் குரல் உள்ளே போய்விடும். விரிவுரையாளர் பார்க்க வந்த அன்றைக்குப் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே நின்றாளாம். மிஸ் எனக்கு இருபதுதான் போடுவாங்க, எனக்குச் சித்தியே கிடைக்காது என்று சொல்லிவிட்டு வடையைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாள், வாயில் போடவில்லை.

மற்ற மூன்று பேரும் தங்களுக்கு ஐம்பது, ஐம்பத்தைந்து என்று சொல்லிக்கொண்டார்கள். எனக்கு எவ்வளவு என்று கேட்டார்கள். என் பாடங்கள் நன்றாகப் போயிருந்தன. அது எனக்குத் தெரியும். மிஸ் கட்டாயம் எண்பத்தைந்தாவது போடுவார் என்று நினைத்தேன். நானும் எழுபத்தெட்டு, எண்பது என்று போடலாம். ஆனால் போட்டால் கீழ்க்கணக்குக்காரிக்கு இடமில்லாமல் போய்விடுமே என்று கணக்குப் பார்த்தேன். நான் ஐம்பதுக்குக் கொஞ்சம் கீழே போட்டாலும் மிஸ்ஸுடைய எண்பத்தைந்தோடு சேர்த்து வகுத்தால் எப்படியும் அறுபத்தைந்து தாண்டிவிடும்.

"நான் நாப்பத்தெட்டு போட்டுக்கிறேன்," என்றேன். "நீ எழுபதுக்கு மேல போட்டுக்கடி."

அவள் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. சரி என்றாள். மற்றவர்களும் இரண்டு, மூன்று குறைத்துக்கொண்டார்கள். விஷயம் அவ்வளவுதான், பேச்சு உடனே பஸ்ஸைப் பற்றிப் போய்விட்டது. எனக்குப் பெரிய தியாகம் செய்த நினைப்பெல்லாம் இல்லை. தராசடியில் கை போட்ட மாதிரிதான் இருந்தது.

புள்ளி போடுவது லேசு, காரணம் எழுதுவதுதான் வில்லங்கம் என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. எழுபத்திரண்டு போட்டுக்கொண்ட கீழ்க்கணக்குக்காரிக்கு அதற்குக் காரணம் எழுதத் தெரியவில்லை. மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்து தாளை நீட்டினாள். நான் சொல்லச்சொல்ல அவள் எழுதினாள். என்ன சொல்வது? எனக்குத் தெரிந்தது என் பாடங்கள்தான். கேள்வி கேட்டுவிட்டு, பதில் வராத பிள்ளைக்கு முன்னால் அவசரப்படாமல் காத்து நிற்பேன் என்று எழுது என்றேன். கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன் என்று எழுது. பாடப் புத்தகத்தில் உள்ள உதாரணத்தை விட்டுவிட்டு, பிள்ளைகள் வீட்டில் பார்க்கிறதை வைத்துப் பின்னம் படிப்பிப்பேன் என்று எழுது. பிழையான பதிலைக் கேட்டு வகுப்பு சிரித்தால், அந்தப் பதிலில் எது சரி என்று முதலில் காட்டுவேன் என்று எழுது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். அம்மா கட்டிலில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன எழுதுறீங்க என்று கேட்டார். சும்மா பாடம்தான் என்றேன்.

அவள் போன பிறகு என்னுடையதை எழுதினேன். நாற்பத்தெட்டுக்குக் காரணம் வேண்டுமே. என்னிடம் குறைகள் இல்லாமலில்லை, ஆனால் ஒரு பக்கத்துக்குத் தேறாது. அதனால் சிலதை இட்டுக்கட்டினேன். முன்வாங்குப் பிள்ளைகளை மட்டும் பார்த்தே பாடம் நடத்துகிறேன். கேள்வி கேட்டுவிட்டு நானே பதிலைச் சொல்லிவிடுகிறேன். களைத்த முகத்தோடு வகுப்புக்குள் போகிறேன், பிள்ளைகள் அதைக் கண்டு பேசாமல் இருந்துவிடுகிறார்கள். பாடம் முடிந்ததும் பிள்ளைகளுக்கு விளங்கியதா என்று கேட்கிறேனே தவிர, விளங்கவில்லை என்று சொல்ல அவர்களுக்கு இடம் கொடுப்பதில்லை. எழுத எழுத நன்றாக வந்தது. அடித்துத் திருத்தாமல் ஒரே மூச்சில் முடித்தேன். அவள் விட்டுப்போன தாளையும் என்னுடையதையும் போனில் படம் எடுத்து, வகுப்பு வட்ஸ்அப் குழுவில் மிஸ் கேட்டிருந்தபடி அவருக்குத் தனியாக அனுப்பிவிட்டு, அம்மாவுக்குச் சோறு போட்டேன்.

திங்கட்கிழமை வகுப்பில் பின்னம் நடந்தது. பாதியில் ஒரு கேள்வி கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானே பதிலைச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, இது நான் எழுதினதாயிற்றே. முன்பும் இப்படிச் செய்வேனா என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அடுத்த நாள் முன்வாங்கைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்று பிடிபட்டது. பிடிபட்டதும் வேண்டுமென்றே கடைசி வாங்கைப் பார்த்தேன், அங்கே இருந்தவன் நான் ஏதோ தண்டிக்கப்போகிறேன் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டான். அந்த வாரம் முழுவதும் இப்படித்தான். நான் எழுதிய ஒவ்வொரு குறையும் ஒன்றன்பின் ஒன்றாக வகுப்புக்குள் வந்து நின்றது.

வாரங்கள் போயின. முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் நான் பாடம் நடத்துவதை நானே கடைசி வாங்கிலிருந்து பார்க்கத் தொடங்கியிருந்தேன். பார்க்கிறவளுக்குத் திருப்தியே இல்லை. என் முகம் களைத்துத்தான் இருந்தது. பிள்ளைகள் பேசாமல்தான் இருந்தார்கள். இட்டுக்கட்டியது எது, உண்மையில் இருந்தது எது என்று பிரிக்கப்போனால் தலைவலி வந்தது. கொஞ்ச நாளில் பிரிப்பதையும் விட்டுவிட்டேன். வருத்தம் என்று ஒன்று வந்திருக்கவேண்டும். அதற்குப் பதிலாக, குளிர்காலத்துக் காலையில் பச்சைத் தண்ணீரில் கை கழுவிய பிறகு விரல்கள் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது மனசு. தொட்டால் தெரியும், ஆனால் தொட்டது எது என்று தெரியாது.

ஒரு சனிக்கிழமை மிஸ் எங்கள் இரண்டு பேரை மட்டும் வகுப்பு முடிந்ததும் நிற்கச் சொன்னார். அப்போதுதான், வித்தியாசம் இருந்தால் கூப்பிட்டுப் பேசுவேன் என்று அவர் முன்பு சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. கீழ்க்கணக்குக்காரி முதலில் உள்ளே போனாள். நான் படிக்கட்டில் நின்றேன். கீழே புடவைக்கடையில் யாரோ விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் வெளியே வந்தபோது மூக்கெல்லாம் சிவந்திருந்தது, ஆனால் முகத்தில் ஒரு பாரம் இறங்கியிருந்தது.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்," என்றாள். "எனக்கு மிஸ் நாப்பத்தஞ்சு போட்டிருக்காங்கடி. இருபது இல்ல. நாப்பது எடுத்தாலே சித்தி. நானும் நாப்பத்தஞ்சே போதும்னு சொல்லிட்டேன். நீ உள்ளத உள்ளபடி சொல்லு. ஒன்னய ஒன்னும் சொல்லமாட்டாங்க."

ஆக, என் சாக்கிலிருந்து அள்ளிப் போட்டிருக்கவே தேவையில்லை. எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. என்மேல்கூட வரவில்லை. உள்ளே போனேன்.

மேசையில் இரண்டு தாள்களின் பிரதிகளும் கிடந்தன. மிஸ் முதலில் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். சராசரி என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதை இப்படியா எடுத்துக்கொள்வீர்கள் என்றார். டவுன் பிள்ளைகள் எல்லாரும் எண்பதுக்குக் குறையாமல் போட்டிருக்கிறார்களாம். அவர் எனக்கு எழுபத்தெட்டு போட்டிருந்தார். எண்பத்தைந்து என்று நான் நினைத்தது பிசகிவிட்டது. என்னுடைய நாற்பத்தெட்டையும் சேர்த்து வகுத்தால் அறுபத்து மூன்று. அறுபத்தைந்துக்கு இரண்டு குறைவு. ஆனால் ஒன்றும் முடிந்துபோகவில்லை, வித்தியாசம் இருப்பவர்கள் தங்கள் புள்ளியை இங்கே திருத்திச் சொல்லலாம், காரணத்தோடு சொன்னால் போதும், அதையே இறுதியாக எழுதிவிடுவேன் என்றார். சொல்லிவிட்டுக் கீழ்க்கணக்குக்காரியின் தாளை என் பக்கம் தள்ளினார்.

"இதுல இருக்கிறதெல்லாம் நீங்கதானே? அவங்களே சொன்னாங்க. வாசிச்சுப் பாருங்க. பார்த்துட்டு உங்க மார்க்கச் சொல்லுங்க."

வாசித்தேன். அவளுடைய கையெழுத்து உருண்டையாக, அழகாக இருக்கும். பதில் வராத பிள்ளைக்கு முன்னால் காத்து நிற்கிற ஒரு ஆசிரியை அதில் இருந்தாள். கடைசி வாங்குப் பிள்ளையின் பெயர் தெரிந்தவள். சிறுவயதில் இப்படி ஒரு டீச்சர் எனக்குக் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். அது நான்தான் என்று எவ்வளவு யோசித்தும் ஒட்டவில்லை. பிறகு என்னுடைய தாளைப் பார்த்தேன். அதில் இருந்தவளை எனக்கு நன்றாகத் தெரிந்தது. நேற்றுக்கூட அவள்தான் என் வகுப்பில் நின்றாள்.

மிஸ் காத்திருந்தார். எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. காலையில் அவரைப் பிடித்துக் கூட்டிப் போக ஆளில்லாமல் போகும் என்று தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. தெரியவில்லை மிஸ் என்றேன். என்ன தெரியவில்லை என்றார். எனக்கு எவ்வளவு என்று தெரியவில்லை என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். என் குறைகளை நான் எழுதியிருந்த விதத்தைத்தான் அப்போது பாராட்டினார். இப்படி எழுதத் தெரிந்தவளுக்குத் தன் நிறைகளைச் சொல்லத் தெரியாதா என்று கேட்டார். பிறகு பொறுமை போய், உங்களுக்காகத்தானே இந்த ஏற்பாட்டையே கொண்டுவந்தேன் என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். கடைசியில் குரலைத் தணித்து, யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் சொன்னார்.

"ஐம்பத்திரண்டுன்னு சொல்லுங்க. அது போதும். ஒரே ஒரு காரணம் சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்."

ஒரே ஒரு காரணம். நான் யோசிக்கவில்லை என்று யாரும் சொல்லமுடியாது, நன்றாக யோசித்தேன். நல்ல காரணங்கள் எல்லாம் அந்த உருண்டைக் கையெழுத்தில் போய்விட்டன. அவற்றைத் திரும்ப எடுத்துச் சொன்னால் பொய் சொல்வதாகத்தான் பட்டது. நாற்பத்தெட்டு என்று உண்மையில்லாததை எழுதும்போது கூசாத எனக்கு, ஐம்பத்திரண்டு என்று சொல்ல வாய் கூசியது. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு விளங்குவதில்லை.

"நாப்பத்தெட்டே இருக்கட்டும் மிஸ்," என்றேன்.

அவர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன். வெளியே கீழ்க்கணக்குக்காரி காத்திருந்தாள். என்ன ஆச்சு என்றாள். சரியாப் போச்சு என்றேன். இருவரும் ஒரே பஸ்ஸில்தான் வந்தோம்.

சாதாரண சித்தி வந்தது. எனக்குப் பட்டிப்பொலப் பக்கம் ஒரு சிறிய பாடசாலையில் நியமனம். ரயிலில் வட்டவளையில் ஏறினால் ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா எல்லாம் தாண்டி மேலே மேலே போய்க்கொண்டே இருக்கவேண்டும். தினமும் போய்வர முடியாது. அங்கேயே ஒரு அறை எடுத்துக்கொண்டேன். எங்கள் தோட்டப் பாடசாலையின் காலி இடத்தை யாரும் கேட்டு வாங்காததால், வெற்றிடங்களை நிரப்பும்போது அது கீழ்க்கணக்குக்காரிக்குப் போயிற்று. அவளுக்கும் சாதாரண சித்திதான். கேட்டு வாங்கவில்லை, தானாக விழுந்தது. நியமனக் கடிதம் வந்த அன்று அவள் எங்கள் வீட்டுக்கு வந்து அழுதாள். நான்தான் சமாதானம் சொல்லவேண்டியிருந்தது. அம்மாவை நான் பார்த்துக்கிறேன் என்றாள். பார்த்துக்கொண்டும் இருக்கிறாள். காலையில் பாடசாலைக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்து அடுப்பை மூட்டி, அம்மாவைக் கழிவறைக்குக் கூட்டிப் போய்வந்து, இடைவேளைக்கும் ஒரு தடவை வந்துவிட்டுப் போகிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. குரல்கூடத் தெளிந்துவிட்டது என்கிறார்கள். பக்கத்து மலையில் கொழுந்து பறிக்கிறவர்களுக்கே அவள் படிப்பிப்பது கேட்கிறதாம்.

பட்டிப்பொலவில் எனக்கும் வகுப்பு நடக்கிறது. குளிர் அதிகம். பிள்ளைகள் கைகளைக் கம்பளிச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், எழுதச் சொன்னால் மட்டும் வெளியே எடுப்பார்கள். நான் பாடத்தை முடித்துவிடுவேன். அதிபருக்கு என்மேல் ஒரு குறையும் கிடையாது, பெரிதாக ஒன்றும் சொல்லவும் கிடையாது. அறைக்கு வந்தால் அம்மாவுக்குப் போன் எடுப்பேன். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், கால் எப்படி, அப்படியேதான். வேறென்ன என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்போம்.

போன மாதக் கடைசியில் வீட்டுக்குப் போயிருந்தேன். எங்கள் லயத்தில் கடைசி வீட்டுப் பெரியம்மா வந்திருந்தார். வாய் சும்மா இருக்காது, ஆனால் கெட்ட மனசில்லை. நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். வீட்டு வாசல்ல ஸ்கூல வச்சிக்கிட்டு இந்தப் புள்ளைய ஏன் அவ்வளவு தூரத்துக்கு அனுப்புனாங்க, கீழ்க்கணக்குப் புள்ளைக்கு மட்டும் எப்படி இங்க கெடச்சிச்சு, ஏதும் ஆள் பிடிச்சாங்களா என்று அம்மாவிடம் கேட்டார். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. என்னை விட்டுக்கொடுக்க அம்மாவுக்கு மனசு வராது. நான் பாஸ் பண்ணிய விதத்தைப் பற்றி நான் ஒன்றும் சொன்னதில்லை, அவரும் ஒன்றும் கேட்டதில்லை. முடிவு வந்ததை வைத்து அவராக ஒன்றைப் புரிந்து வைத்திருந்தார்.

"ஆள் பிடிக்கிறதெல்லாம் இல்லக்கா," என்றார் அம்மா, எனக்காக வழக்காடுகிற குரலில். "அந்தப் புள்ள கெட்டிக்காரி. இது படிச்சுக் குடுக்கிறதுல கொஞ்சம் சுமாருதான். அதுக்குப் புள்ள என்னா செய்யும்? ஏலுமான மட்டும் கஷ்டப்பட்டுச்சு. அதுக்கு அவ்வளவுதான் வரும்."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, நீ மனசுல வச்சுக்காத என்பதுபோல் பார்த்தார். பெரியம்மாவும் என்னைத்தான் பார்த்தார். அவர் கையில் கோப்பையைக் கொடுத்தேன்.

"ஆமாங்க பெரியம்மா," என்றேன். யாருக்காகவும் அதைச் சொல்லவில்லை. எனக்கு அது உண்மையாகவே தோன்றியது.